பொதுவியின் கோபம்

எங்கள் அலுவலகத்தில் இரண்டு பேருக்கு நிறைய விஷயங்கள் ஒத்துப்போனால், மறுநாள் காலை அவர்களுக்குப் பொதுவாக ஓர் அம்மாவோ அப்பாவோ வந்துவிடுவார். மதுரைப் புறவழிச்சாலையை ஒட்டிய கட்டடத்தின் நான்காவது மாடியில், பேருந்துச் சீட்டு மென்பொருளின் வடிவமைப்புப் படத்தை நாங்கள் பராமரிக்கிறோம். சுவர் முழுக்கப் பெட்டிகள், பெட்டிகளை இணைக்கும் கோடுகள். பேருந்து ஒரு பெட்டி, பயணி ஒரு பெட்டி, நாங்களும் ஆளுக்கொரு பெட்டி. தேவை மாற மாறப் படமும் மாற வேண்டுமல்லவா? அதைப் பார்த்துக்கொள்ள ஒரு தானியங்கி இருக்கிறது. அதை 'உதவி' என்போம். இரண்டு பெட்டிகளில் ஒரே விஷயம் இருந்தால் உதவிக்குப் பொறுக்காது. மேலே ஒரு தாய்ப்பெட்டி போட்டு, பொதுவானதையெல்லாம் அதில் ஏற்றிவிடும். பிள்ளைப் பெட்டிகள் வேண்டியதை அங்கிருந்து வாங்கிக்கொள்ளலாம். சிக்கனமான ஏற்பாடு, எனக்கு அதில் குறை ஒன்றும் இல்லை.

எனக்கும் பூபாலனுக்கும் காதல் வந்தது லிஃப்டில். எங்கள் லிஃப்ட் மாடிக்கு வந்து நின்ற பிறகும் உடனே திறக்காது, கொஞ்சம் யோசிக்கும். அந்த நேரத்தில் பேசிப் பேசித்தான் கண்டுபிடித்தோம். இருவருக்கும் பாலாடை ஆகாது. இருவரும் வீட்டைப் பூட்டிவிட்டுப் பாதித் தெரு போன பிறகு திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பவர்கள். யார் எதைக் கேட்டாலும் சற்று யோசித்துத்தான் பதில் சொல்வோம். இருவருமே அம்மா இல்லாமல் விடுதியில் வளர்ந்தவர்கள். ஒவ்வொன்றும் தெரியவந்தபோது எங்களுக்குத் தலைகால் புரியவில்லை. காதலிக்கிறவர்கள் எல்லோரும் செய்கிற அசட்டுத்தனம்தான், ஒத்துப்போவதையெல்லாம் எண்ணி எண்ணிச் சந்தோஷப்பட்டோம். உதவியும் எண்ணிக்கொண்டிருந்தது.

பொதுவி வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை. என் நாற்காலிக்கும் பூபாலனின் நாற்காலிக்கும் நடுவே, கத்தரிப்பூ நிறச் சேலையில், ஐம்பது வயது மதிக்கத்தக்க அம்மாள் ஒருவர் உட்கார்ந்திருந்தார். கழுத்தில் அடையாள அட்டை. 'பொதுவி' என்பது உதவி வைத்த பெயர். காபியில் படிந்திருந்த ஆடையை விரலால் எடுத்து ஓரமாகத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"ரெண்டு பேரும் சாப்ட்டீங்களாப்பா?" என்று கேட்டார்.

நாங்கள் சற்று யோசித்துவிட்டு, இல்லை என்றோம்.

அம்மா இல்லாத குறையும் எங்களுக்குப் பொதுவானது என்பதால் அதுவும் அவரிடம் ஏறிவிட்டது. அன்றிலிருந்து எங்களுக்குப் பதிலாக அவர்தான் ஏங்கினார். எனக்கு மனசு லேசானது. மதியம் தயிர்சாதத்தைப் பிசைந்து கையில் உருட்டிப் போட்டார். மாலையில் தலை வாரிவிட்டார். சிக்கெடுக்கும்போது வலித்தது. வலிக்கிறது என்று சொல்ல ஓர் ஆள் கிடைத்ததில் எனக்கு அழுகையே வந்துவிட்டது. வாரம் முடிவதற்குள் அவரை அம்மா என்று கூப்பிடத் தொடங்கியிருந்தேன்.

கல்யாணம் என்று வந்தபோதுதான் சிக்கல். நானும் பூபாலனும் இப்போது ஒரு தாய் மக்கள். எங்கள் பெட்டிகளுக்கு நடுவே கல்யாணக் கோடு போட்டால் உதவி அழித்துவிடும். பதிவு அலுவலகத்துக்குப் போனோம், எங்கள் பேனாவில் மை வரவில்லை. பதிவாளர் தன் பேனாவைக் கொடுத்தார். அதிலும் வரவில்லை. "கூடப் பொறந்தவங்களா?" என்று கேட்டுவிட்டு அடுத்த ஜோடியைக் கூப்பிட்டார்.

படத்துக்குப் பொறுப்பானவர் ஜெசிந்தா மேடம். உதவி பரிந்துரைத்த தீர்வை எங்களுக்குப் படித்துக் காட்டினார். தாய்ப்பெட்டியை நீக்கி, அதில் இருப்பதை அவரவரிடமே இறக்கிவிடலாம். ஒரு பொத்தானை அழுத்தினால் போதும்.

"நீங்க பழையபடி ஆயிருவீங்க லோசனி. உடனே கல்யாணத்த முடிச்சிருங்க. அந்தக் கோடு விழுந்துட்டா உதவி மறுபடி கை வைக்காது" என்றார்.

"அம்மா?" என்றேன்.

"அவங்க இருக்க மாட்டாங்க."

அம்மா பக்கத்தில்தான் இருந்தார். என் கைப்பையின் ஜிப்பை இழுத்து இழுத்துச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். "புள்ளைங்க நல்லா இருந்தாப் போதும். அமுக்குங்க மேடம்" என்றார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. இத்தனை வருடம் கழித்து ஓர் அம்மா கிடைத்தால் அவரும் போகிறேன் என்கிறார். பூபாலனை விட்டுக்கொடுக்கவும் என்னால் முடியாது. மேடத்தின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

பூபாலன் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தான். வழக்கத்தைவிட அதிகமாக யோசித்தான். பிறகு, "அம்மாவுக்கு ஒரு அண்ணன் இருந்தா?" என்றான்.

அப்படியே வரைந்தோம். பொதுவியின் கீழே பூபாலன் மட்டும். பொதுவிக்கு ஓர் அண்ணன், அவர் கீழே நான். அண்ணன் தங்கை இருவருக்கும் மேலே ஒரு தாத்தா. எங்களுக்குள் ஒத்துப்போனதெல்லாம் தாத்தாவிடம் பத்திரமாக இருக்கும். அம்மா இனி எனக்கு அத்தை, பூபாலன் அத்தை மகன். அத்தை மகனைக் கட்டிக்கொள்வதற்கு உதவியென்ன, மதுரையில் யாருமே மறுப்புச் சொல்ல முடியாது. மாமியாரான பிறகும் தலை வாரிவிடுவாரா என்பது மட்டும்தான் என் கவலை.

மறுநாள் காலை என் அப்பா வந்திருந்தார். அடர்ந்த மீசை, வெள்ளை வேட்டி. தாத்தா லிஃப்டுக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்தபோது உதவி எச்சரித்தது. உள்ளதெல்லாம் தாத்தாவிடம் ஏறிவிட்டதால் அப்பாவின் பெட்டியும் அத்தையின் பெட்டியும் காலியாக இருக்கின்றன, காலிப் பெட்டிகள் நீக்கப்படும் என்றது.

அவர்களுக்கென்று ஏதாவது வைக்க வேண்டும். தங்கை மேல் பாசம், அண்ணன் மேல் பாசம் என்று வைத்துப் பார்த்தோம். இரண்டும் ஒரே உடன்பிறந்த பாசம்தான் என்று உதவி அதையும் தாத்தாவிடம் ஏற்றிவிட்டது. கோபத்தை வைத்தோம். ஒரு விசேஷத்துக்கு அண்ணன் தன்னை முறையாக அழைக்கவில்லை என்று அத்தைக்குக் கோபம். அழைத்தும் தங்கை வரவில்லை என்று அப்பாவுக்குக் கோபம். இது வேறு, அது வேறு என்று உதவி ஒப்புக்கொண்டது. பாசத்தை ஒன்றாக்கிவிடலாம், மனத்தாங்கல் அவரவருக்குச் சொந்தம் என்று எனக்கும் அன்றுதான் புரிந்தது.

கல்யாணம் திருப்பரங்குன்றத்தில். அத்தையும் அப்பாவும் மண்டபத்தின் ஆளுக்கொரு மூலையில் இருந்தார்கள். அலுவலகத்தில் உள்ளவர்கள் நல்ல மனசுக்காரர்கள், எப்படியாவது இருவரையும் பேச வைத்துவிட வேண்டும் என்று அலைந்தார்கள். நாங்கள் அவர்களைத் தடுத்துத் தடுத்தே சோர்ந்துபோனோம். முகூர்த்த நேரத்தில் அப்பாவுக்குக் கண் கலங்கி இருமல் வந்துவிட்டது. அத்தை ஒரு தம்ளர் தண்ணீரோடு அவரை நோக்கி நடக்கத் தொடங்கினார்.

நான் மாலையும் கழுத்துமாக மணையை விட்டு எழுந்து ஓடினேன். "அத்தை, நீங்க வச்ச பாயசத்த வாயில வைக்க முடியலையாம். அப்பா சொல்றாரு" என்றேன்.

அத்தை நின்றார். என் முகத்தைச் சற்று நேரம் பார்த்தார். தம்ளரை என் கையில் கொடுத்துவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"பயப்படாத தாயி. நான் கோவமாத்தான் இருக்கேன். நீ போயி உக்காரு."

சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் முதுகைப் பார்த்தபடியே நான் தாலி கட்டிக்கொண்டேன்.

திங்கட்கிழமை காலை அத்தை எனக்குத் தலை வாரிப் பூ வைத்துவிட்டார். மூவருமாக அலுவலகத்துக்குப் போனோம். லிஃப்ட் வாசலில் புதிதாக ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. தாத்தாவும் லிஃப்டும் எதற்கும் யோசித்த பிறகே வாய் திறப்பவர்கள் என்பதால், இருவருக்கும் மேலே உதவி ஒரு பெட்டி போட்டிருந்தது. வயதில் லிஃப்ட் இளையது.

"சின்னத் தாத்தாவக் கும்புட்டுக்கங்க" என்றார் அத்தை.

நாங்கள் குனிந்து வாசலைத் தொட்டு வணங்கினோம். கதவு சற்று யோசித்துவிட்டுத் திறந்தது.