பிளேன்காட்டில் விரிசல் இல்லை

மாதேஸ்வரன் ஓய்வு பெறச் சரியாகப் பதினோரு நாள் இருக்கும்போதுதான் சென்னையிலிருந்து அந்தக் கடிதம் வந்தது. வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு உதவிப் பொறியாளர் ஒருவர் விமானத்தளத்தைப் பார்வையிட வருகிறார், காவலர் பதிவேடுகளுடன் ஆஜராக இருக்கவேண்டும் என்றிருந்தது. மாதேஸ்வரன் அதை மூன்று முறை படித்தார். எத்தனை முறை படித்தாலும் வியாழக்கிழமை தள்ளிப்போகவில்லை.

அதை விமானத்தளம் என்று சொல்பவர்கள் சென்னையில்தான் இருந்தார்கள். திருச்செங்கோட்டுக்கும் ஆட்டையாம்பட்டிக்கும் நடுவே யாரைக் கேட்டாலும் பிளேன்காடு என்றுதான் சொல்வார்கள். யுத்த காலத்தில் ஜப்பான்காரன் வந்துவிடுவான் என்று பயந்த வெள்ளைக்காரன், நல்ல சோளக்காட்டைப் பிடுங்கி ஒன்றேகால் மைல் நீளத்துக்குக் கான்கிரீட் போட்டான். ஜப்பான்காரன் வரவில்லை. வெள்ளைக்காரனும் மூட்டை கட்டிவிட்டான். பிறகு கொஞ்ச காலம் அரசாங்கம் அங்கே கோதுமை மூட்டைகளை அடுக்கி வைத்தது. மூட்டைகளும் போன பின்பு வேலிமுள்ளும் நரியும் குடியேறின. இத்தனை பெரிய இடத்துக்கு ஒரு காவலாளியாவது வேண்டாமா என்று துறைக்கு ஞானம் பிறந்தபோது, ஓமலூர்ப் பக்கத்திலிருந்து இருபத்தொன்பது வயது மாதேஸ்வரன் வந்து சேர்ந்தார். கூடவே கல்யாணமாகி ஆறு மாதமான சௌந்திரம்.

வேலை இரண்டுதான். ஒன்று, யாரையும் உள்ளே விடக்கூடாது. இரண்டு, தினமும் பதிவேட்டில் எழுதவேண்டும்: 'விமானம் ஏதும் வரவில்லை. வெளியாட்கள் நடமாட்டம் இல்லை.' இதில் முதல் வாக்கியம் முப்பத்தொரு வருடமும் சத்தியமாக இருந்தது. இரண்டாவது நான்கு மாதம் தாக்குப்பிடித்தது.

ஐந்தாம் மாதம் அறிவுச்செல்வி தலையில் ஒரு கூடை ஈரமாவுடன் வாசலில் வந்து நின்றாள். குச்சிக்கிழங்கு மாவு அது. ஜவ்வரிசி ஆலைக்குப் போவது. வெயிலில் உலர்த்த நல்ல கான்கிரீட் களம் வேண்டும். விரிசல் இருந்தால் மண் கலந்துவிடும், மண் கலந்தால் ஆலைக்காரன் திருப்பி அனுப்பிவிடுவான். "ஒரே ஒரு நாளைக்குண்ணா" என்றாள். அந்த ஒரு நாள் இன்றுவரை முடியவில்லை.

அவளுக்குப் பின்னால் நாற்பது குடும்பம் வந்தது. மொய்தீன் பாய் தன் டிரைவிங் ஸ்கூல் லாரியோடு வந்தார். காலையிலிருந்து மூன்று மணி வரை மேற்குப் பாதியில் மாவு, நான்கு மணிக்கு மேல் கிழக்குப் பாதியில் லாரி, ஞாயிற்றுக்கிழமை ஸ்கூட்டர் பழகும் பெண்கள் என்று ஓர் ஒழுங்கு தானாக ஏற்பட்டது. யாரும் எழுதி வைக்கவில்லை, யாரும் மீறவும் இல்லை. ஆயுத பூஜைக்குத் திருச்செங்கோட்டுப் போர்வெல் ரிக் வண்டிகள் வரிசை கட்டி நிற்கும்போது, அந்தத் தளத்துக்கு ஒரு விமானம்கூட வராததை நினைத்து மாதேஸ்வரன் சந்தோஷப்படுவார். வந்தால் எங்கே நிறுத்துவது?

கடிதத்தைப் படித்துக் காட்டியதும் சௌந்திரம் அடுப்பை அணைத்துவிட்டாள்.

"ஏனுங்க, நோட்டுல எழுதுனதெல்லாம் பொய்யின்னு தெரிஞ்சா என்னாவும்?"

"விசாரணை வெப்பாங்க. அது முடியற வரைக்கும் பென்சன் வராது."

"நமக்கு வேற என்னங்க இருக்குது? இந்த ஊட்டையும் காலி பண்ணோணும். வியாழக்கெழம ஒரு ஈ காக்கா உள்ள வரப்படாதுன்னு சொல்லிப்போடுங்க."

சொன்னார். பதிவேட்டில் எழுதிய பொய்யை மட்டும் சொல்லவில்லை. ஊரே தலையாட்டியது. புதன்கிழமை மத்தியானத்துக்குள் மாவை அள்ளி, படுதாவைச் சுருட்டி, லாரியை வெளியே எடுத்து, ஒரு பொட்டுத் தூசியில்லாமல் கூட்டியும் கொடுத்தார்கள். அங்கேதான் வினை வந்தது. கூட்டிய தளம் கல்யாண மண்டபம் போலப் பளபளவென்று கிடந்தது. இதைப் பார்த்தால் எண்பது வருடம் கைவிடப்பட்ட இடம் என்று எந்தக் கிறுக்கன் நம்புவான்?

மாதேஸ்வரன் அரிவாளை எடுத்துக்கொண்டு போய் வேலிமுள் கிளைகளை வெட்டி வந்தார். விரிசல்களில் செருகி வைத்தால் தானாக முளைத்த மாதிரி இருக்கும் என்பது அவருடைய மூளைக்கு எட்டிய யோசனை. கிளைகளைச் சுமந்துகொண்டு மேற்குக் கோடியிலிருந்து கிழக்குக் கோடி வரை நடந்தார். ஒரு விரிசல்கூடக் கிடைக்கவில்லை. அங்கேயிருந்து திரும்பி வந்தார். அப்போதும் கிடைக்கவில்லை. முப்பத்தொரு வருடமாக அந்தப் பெண்கள் வெறுங்காலால் தடவித் தடவிப் பார்த்து, மயிரிழை தெரிந்தாலும் சிமெண்டும் கல்பொடியும் குழைத்து அடைத்திருந்தார்கள். மேற்குப் பாதியைப் பார்த்து ரோஷப்பட்டு மொய்தீன் பாய் தன் பாதியையும் அப்படியே வைத்திருந்தார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கலாம், ஒன்றேகால் மைலை எதில் மறைப்பது? மாதேஸ்வரன் கிளைகளைக் கீழே போட்டுவிட்டு அவற்றின் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார்.

வந்த பொறியாளர் ஒரு பெண். கிருத்திகா என்று பெயர், முப்பது வயதிருக்கும். தொப்பி போட்டுக்கொண்டு, கையில் ஏதோ அளக்கும் கருவியோடு முழு நீளமும் நடந்தாள். நடக்க நடக்க அவள் முகம் மாறுவதைப் பார்த்துக்கொண்டே மாதேஸ்வரன் நாலடி பின்னால் போனார்.

"தமிழ்நாட்டுல இந்த மாதிரி பழைய தளம் ஏழெட்டு பாத்துட்டேன். எல்லாம் பொடிப்பொடியா கிடக்கு. இது மட்டும் எப்படிங்க? யார் பராமரிச்சது?"

"நாந்தானுங்க" என்று வாயில் வந்துவிட்டது.

"தனியாவா?"

"ஆமாங்க. பொழுது போகோணுமல்லங்க."

கிருத்திகா அவர் கையைப் பிடித்துக் குலுக்கினாள். பாராட்டுச் சான்றிதழுக்குச் சிபாரிசு செய்கிறேன் என்றாள். காவலர் அறைக்கு வந்து, பதிவேடுகளைப் புரட்டிப் பார்த்துத் திருப்தியாகத் தலையசைத்தாள்.

"வெளியாள் யாரும் வர்றதில்லங்கறதால என் வேலை சுலபம். அடுத்த மாசம் வேலி போட்டு, கேட்டுக்கு வெல்டு வெச்சு, ஏலத்துக்கு விட்டுடுவாங்க."

"ஆராச்சும் வந்து போயிட்டு இருந்திருந்தா என்ன பண்ணுவீங்க?" மாதேஸ்வரன் பதிவேடுகளை எடுத்து அடுக்க ஆரம்பித்தார். "சும்மா கேக்கறனுங்க."

"அப்ப ஒவ்வொருத்தர் பேரையும், என்ன உபயோகம், எத்தனை வருசம்னு எழுதணும். அவங்களைக் கூப்பிட்டுக் கேக்காம துறை ஒண்ணும் செய்ய முடியாது. அதான் யாரும் இல்லையே."

மாதேஸ்வரன் வாயைத் திறந்தார். கதவோரம் டீத் தம்ளரோடு நின்ற சௌந்திரத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டார்.

கேட்டுக்கு வெளியே புளியமரத்தடியில் இருந்தவர்கள், பொறியாளர் அம்மா கை குலுக்கியதைக் கம்பி வழியாகப் பார்த்துவிட்டார்கள். கண்டம் தாண்டியாயிற்று என்று நினைக்க அவர்களுக்கு அது போதும். லாரிக்காரர்கள் ஊரில் எந்தச் சிக்கலுக்கும் ஒரே மருந்துதான், கையெழுத்து மனு. வண்டி பிடிபட்டாலும் மனு, போலீஸ்காரர் மாறிப் போனாலும் மனு. எதற்கும் இருக்கட்டும் என்று மொய்தீன் பாய் முந்தின நாளே ஒன்றை டைப் அடித்து, எல்லோரிடமும் கையெழுத்து வாங்கி வைத்திருந்தார். அறிவுச்செல்வி முன்னால் வர, சாமந்தி மாலையோடு கூட்டம் அறைக்குள் நுழைந்தது. சைகை காட்ட மாதேஸ்வரனுக்கு ஒரு நொடிகூடக் கிடைக்கவில்லை. அறிவுச்செல்வி மூச்சுவிடாமல் வாசித்தாள்.

"அம்மா அவர்களுக்கு. வாச்மேன் மாதேஸ்வரன் தங்கமான மனுசர். முப்பத்தொரு வருசத்தில் ஒரு நாள்கூட எங்களை உள்ளே வரக்கூடாதென்று சொன்னதில்லை. மழை வந்தால் அவரே ஓடிவந்து எங்களோடு மாவு அள்ளுவார். கேட்டுக்கு ஒரு சாவியும் எங்களிடம் கொடுத்து வைத்திருக்கிறார். இவருக்கு ஒரு குறையும் வராமல் பார்த்துக்கொள்ள வேண்டுகிறோம்."

கீழே நாற்பத்து மூன்று கையெழுத்து. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் எத்தனை வருடமாக வருகிறார்கள் என்ற கணக்கு வேறு. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்பார்களே, இது குரங்குக்கு மாலையும் போட்டுக் கொண்டுவந்த கதை.

கிருத்திகா மனுவைப் பார்த்தாள், பதிவேட்டைப் பார்த்தாள், எழுந்து போய்க் கதவைச் சாத்தினாள்.

"இதை நான் வாங்கிக்கிட்டா உங்க மேல விசாரணை வரும். எத்தனை மாசம் ஆகும்னு சொல்ல முடியாது. அதுவரைக்கும் பென்ஷன் நிக்கும். வாங்கலன்னா, நான் எதையும் கேக்கல. முதல்ல சொன்ன மாதிரியே எழுதிட்டுக் கிளம்பிடுவேன். நீங்களே சொல்லுங்க."

அப்போதுதான் அவர்களுக்கு விளங்கியது. அறிவுச்செல்வியின் முகம் வெளுத்தது.

"ஐயோ, மாதேசண்ணா... நாங்க சும்மாதான் எழுதுனோம்னு சொல்லிப்போடுங்க. பொய்யின்னு சொல்லுங்க. நாங்க ஒண்ணும் நெனச்சுக்க மாட்டோம்."

மொய்தீன் பாய் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்து நின்றார். மாதேஸ்வரனுக்கு அவர்கள் எல்லோர் மேலும் கோபம் கோபமாக வந்தது. கூறுகெட்ட ஜனங்கள். ஆனால் அந்த ஜனங்களைப் பார்த்து, 'இவங்க ஆருன்னே எனக்குத் தெரியாது' என்று சொல்ல அவருக்கு நாக்கு எழவில்லை. அவர்களைவிட வேறு யாரை அவருக்குத் தெரியும்?

"வாங்கிக்குங்க மேடம்" என்றார். "இதுல இருக்கறது நெசம். நோட்டுல இருக்கறதுதானுங்க பொய்யி. களத்த நான் ஒண்ணும் பண்ணல. இவிங்கதான் அடச்சு அடச்சு வெச்சிருக்கறாங்க."

சௌந்திரத்தின் கையிலிருந்த தம்ளரில் டீ ஆறிக்கொண்டிருந்தது.

கிருத்திகா புதிய தாள் எடுத்துக் கோடு போட்டாள். பெயர், உபயோகம், வருடம். ஒவ்வொருவராகச் சொல்லச் சொல்ல எழுதினாள். மாவு உலர்த்த, முப்பத்தொரு வருடம். லாரி பழக்க, இருபத்தெட்டு. கடலைக்காய் காயவைக்க, பதினாறு. எழுதி முடிக்க ஒரு மணி நேரத்துக்கு மேலானது. நாற்பத்து மூன்று பேரும் முடிந்ததும் நிமிர்ந்தாள்.

"இன்னும் எட்டு நாள்ல நீங்களும் வெளியாள்தான். கூப்பிட்டுக் கேக்கும்போது உங்களையும் கேக்கணும்னா உங்க பேரும் இதுல இருக்கணும். நீங்க எதுக்கு உபயோகப்படுத்துனீங்க?"

மாதேஸ்வரன் யோசித்தார். சொந்தமாக ஒரு பிடி கடலைகூட அவர் அங்கே காயவைத்ததில்லை. அத்தனை லாரி ஓடிய இடத்தில் ஸ்டியரிங்கைத் தொட்டதும் இல்லை. வெளியே வெயிலில், பெயர் சொல்லி முடித்தவர்கள் மாலையை என்ன செய்வதென்று தெரியாமல் அதைக் கேட்டிலேயே மாட்டிவிட்டு நின்றுகொண்டிருந்தார்கள்.

"நாங்க வந்த புதுசுல இங்க பேசறதுக்கு ஒரு ஆளு கெடையாதுங்க" என்றார். "ஊட்டுல எங்களுக்குப் பிள்ளையும் இல்லீங்க. அப்புறம் இவிங்க வந்தாங்க. தனியா இல்லாம இருக்கறதுக்குன்னு போட்டுக்குங்க."

கிருத்திகா அந்தக் கட்டத்துக்கு அது சரிவருமா என்று கேட்கவில்லை. அவர் சொன்னபடியே எழுதினாள்.

சௌந்திரம் தம்ளரை மேசைமேல் வைத்துவிட்டு முந்தானையில் கையைத் துடைத்தாள்.

"எம்பேரையும் போடுங்க சாமி."

"உங்களுக்கு என்ன உபயோகம்னு எழுதணும்மா?"

"அவருக்குப் போட்டதையே போடுங்க."