எல்லம்மாவின் மீசை

ஏரிக்கரைக் கோட்டைக்குப்பத்தில் எல்லம்மாவுக்கு மாதாமாதம் வரும் அடிவயிற்று வலிக்கு ஊரே வைத்தியம் பார்த்தது. வாயு என்றார்கள். கண்ணு பட்டிருக்கு என்றார்கள். இடுப்பளவு தண்ணீரில் நின்று கையால் தடவி இறால் பிடிப்பதால் வந்த குளிர் என்று, ஏரியில் கால் நனைக்காதவர்கள் சொன்னார்கள்.

1984-ல் மெட்ராஸ் டாக்டரம்மா ஒருவர்தான் வயிற்றுக்குள் குழாய் விட்டுப் பார்த்துச் சொன்னார்: கர்ப்பப்பைக்குள் இருக்க வேண்டிய சவ்வு வெளியே போய்ச் சினைப்பையில் ஒட்டி வளர்ந்திருக்கிறது. சினைப்பை சுரக்கும் ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன்தான் அதற்குத் தீனி. மாதம் தவறாமல் அதுவும் கசிகிறது. வெளியேற வழியில்லாமல் வலிக்கிறது. தீனியை நிறுத்த ஒரு மாத்திரை உண்டு. ஆண் ஹார்மோனுக்குச் சொந்தக்கார மாத்திரை. கொஞ்சம் முடி வளரலாம், குரல் தடிக்கலாம்.

சில மாதங்களில் வலி போனது. மீசை வந்தது.

பெரிய மீசை இல்லை. புருஷன் தசரதனுடையதைவிடப் பெரிது, அவ்வளவுதான்.

"இன்னா தசரதா, வூட்ல பெரியவரு கீறாரா?" என்று டீக்கடையில் கேட்டார்கள். எல்லம்மா வீட்டுக்குள்ளிருந்து தடித்த குரலில் "யாரு?" என்றால், வந்தவர்கள் தோளிலிருந்த துண்டை இறக்கினார்கள். தசரதன் மாத்திரையை நிறுத்தச் சொன்னான். நிறுத்தினால் பழையபடி பாயில் சுருண்டு கிடக்க வேண்டும். அவள் முடியாது என்றாள். விஷயம் ஊர்ப் பஞ்சாயத்துக்குப் போனது.

அன்றைக்குப் பாடு போடும் நாள். ஏரியில் யார் எங்கே எப்போது வலை கட்டுவது என்று சீட்டுக் குலுக்கி எடுப்பதுதான் பாடு. கல்யாணமான ஆம்பளைக்கு ஆளுக்கொரு சீட்டு. பெண்களுக்குக் கிடையாது.

"இதோ பாரும்மா," என்றார் தலைவர் பச்சைமுத்து. "மாத்திரை துன்னு துன்னு நீ ஆம்பளையா பூட்டேன்னு உன் புருசன் சொல்றான். ஊரும் அதான் சொல்லுது. நிறுத்திடு."

"ஊரே சொல்லுதா தலைவரே?"

அந்தக் குரலுக்குப் பின்வரிசையில் இரண்டு பேர் எழுந்து நின்றுவிட்டார்கள்.

"ஆமாம்மா."

"சரி. எனக்கும் கல்யாணம் ஆயிடுச்சு. என் பேருக்கும் ஒரு சீட்டு போடு."

தசரதன் பெண்டாட்டியைப் புதிதாகப் பார்ப்பவன் போலப் பார்த்தான். ஒரு வீட்டுக்கு ரெண்டு சீட்டு.

"ஆம்பளைதான் தலைவரே," என்றான். "நான் கூடவே கீறேன், எனக்குத் தெரியாதா?"

"தோ, நானும் என் பொண்டாட்டிய மெட்ராஸ் இட்டுனு போறேன்!" என்று யாரோ கத்தினார்கள். "எனக்கும் அந்த மாத்திரை பேரு சொல்லு!" என்று இன்னொருவர்.

பச்சைமுத்துவுக்கு வேர்த்தது. இப்படியே போனால் ஏரியில் தண்ணீரைவிட வலை அதிகமாகிவிடும். அவசரமாகத் தீர்ப்பு சொன்னார்:

"எல்லம்மா பொம்பள. முழுப் பொம்பள. மீசை மாத்திரையோடது. இனிமே எவனாச்சும் அத ஆம்பளைன்னு சொன்னா அபராதம்."

"அப்ப மாத்திரை?"

"துன்னும்மா. டாக்டரம்மா போதும்ன்ற வரைக்கும் துன்னு."

எல்லம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்து, அங்கேயே ஒன்றை எடுத்து விழுங்கினாள்.

தீர்ப்பை எதிர்த்துப் பேசியவன் தசரதன் ஒருவன்தான். அபராதமும் முதலில் அவனுக்குத்தான்.