பின்னால் வந்து சேர்ந்த கோப்பு

திங்கட்கிழமை காலை, பக்கத்தின் தோற்றத்துக்காக ஐசக் எழுதிய ஸ்டைல்ஷீட் கோப்பை எடுத்துவிட்டு, போன மாதத்துப் பழைய கோப்பைப் போட்டுப் பார்த்தார்கள். அப்போதும் வெளிநாட்டுப் பூக்கடை ஒன்றின் இணையப் பக்கத்தில் ‘வாங்கு’ பொத்தான் வரவில்லை. டீம் லீடர் தயாளன் புஷ்பலதாவின் மேசைக்கு வந்தார்.

“நீங்க கொஞ்சம் பாருங்க. உங்க மிஷின்லதான பிழை தேடுற அந்த ஃபயர்பக் இருக்கு.”

ஐசக்கை வெள்ளிக்கிழமையே வேலையைவிட்டு அனுப்பியிருந்தார்கள். அன்னையர் தின விற்பனை தொடங்கிய அன்றே பொத்தான் காணாமல் போயிற்று. பக்கத்தின் மூலவரிகளை வியூ சோர்ஸில் எல்லோரும் பார்த்தார்கள். அதில் இருந்தது ஒரே ஸ்டைல்ஷீட். அதை எழுதியது ஐசக். வேறென்ன சாட்சி வேண்டும்? அன்று சாயங்காலம் ஐசக் புஷ்பலதாவிடம் வந்து, “என் கோப்புல ஒண்ணும் இல்லம்மா. உன் ஃபயர்பக்ல ஒருதபா பாத்துடேன். ரெண்டே நிமிஷம்” என்று கேட்டார். திருநீர்மலைப் பெருமாள் கோயிலில் நடைசாத்துவதற்குள் போய்விட வேண்டும் என்று அவள் பையை மாட்டிக்கொண்டிருந்தாள்.

“திங்கக்கெழம பாக்கறேண்ணா.”

“சரி, போ. பெருமாள்கிட்ட எனக்கும் ஒரு அப்ளிகேசன் போட்டுட்டு வா” என்று சிரித்தார். அவள் வேண்டிக்கொண்டாள். அதில் ஒரு குறையும் வைக்கவில்லை.

இப்போது ஐசக்கின் கோப்பையே திரும்பப் போட்டு, ஃபயர்பக்கில் பொத்தானைத் தேடிப் பிடித்தாள். வலப்பக்கம் அதற்கான விதிகள் விரிந்தன. ‘காட்டு’ என்ற ஐசக்கின் வரி சரியாகவே இருந்தது. அதன் குறுக்கே கோடு விழுந்திருந்தது. அதற்கு மேலே, அதை வென்றுவிட்ட இன்னொரு வரி: ‘மறை’. ஓரத்தில் அந்த வரி வந்த கோப்பின் பெயர். பக்கம் திறந்தபிறகு ஒரு ஸ்கிரிப்ட் ஓடிப்போய் அழைத்துவந்த கோப்பு அது. சர்வர் அனுப்பியதை மட்டும் காட்டுகிற வியூ சோர்ஸில் அது எப்படித் தெரியும்?

அந்த ஸ்கிரிப்டை எழுதியவள் அவள்தான். தள்ளுபடி விளம்பரத்துக்காக ஒரு மாதம் முன்பே எழுதி, வெள்ளிக்கிழமை தானாக ஓடும்படி வைத்திருந்தாள். விளம்பரத்திலிருந்த ஒரு பொத்தானை மறைக்க எழுதிய வரி, பக்கத்திலிருந்த எல்லாப் பொத்தானையும் மறைத்துவிட்டது. அந்த இரண்டு நிமிஷத்தைக் கேட்டுத்தான் பெருமாள் ஐசக்கை அவளிடம் அனுப்பினாரோ என்னவோ. அந்த ஐசக்கைத் தாண்டிக்கொண்டு அவள் மலையேறப் போனாள்.

அவள் சொன்னதைத் தயாளன் முழுதும் கேட்டார். “சரி பண்ணிடுங்க. இதோட விட்டுடுங்க.”

“அப்ப ஐசக் அண்ணா?”

“தப்பு பண்ண ஆள எடுத்துட்டோம்னு க்ளையண்ட்டுக்கு மெயில் போயாச்சு. இப்ப அவர் இல்ல, இவங்கன்னு சொன்னா சிரிப்பான்.”

“அப்ப என்னை எடுங்க சார்.”

“காலங்காத்தால சென்டிமென்ட்டா? உங்கள எடுத்துட்டா அப்புறம் ஃபயர்பக்க யாரு பாப்பா?”

பொத்தானை வரவழைத்துவிட்டு, மாடிப்படியில் நின்று ஐசக்கைப் போனில் கூப்பிட்டாள்.

“இன்னாம்மா, கண்டுபுட்ச்சியா?”

“என் ஸ்கிரிப்ட்தாண்ணா. உங்களுது சரியாத்தான் இருந்துச்சு.”

“அன்னிக்கே பாத்திருந்தா தெரிஞ்சிருக்குமா?”

“தெரிஞ்சிருக்கும்ணா.”

“ம்.” ஒரு லாரி கடந்துபோகிற சத்தம். “மறைமலை நகர்ல கீறேன். ஒரு கம்பெனி கேட்ல, லோடிங் வேலைக்கு லைன்ல நிக்கிறேன். நீ சாப்ட்டியா?”

அவர் போனை அணைக்காமலே சட்டைப்பையில் போட்டுக்கொண்டார் போலிருந்தது. துணி உரசியது. யாரோ “அடுத்தது, அடுத்தது” என்று அதட்டினார்கள். நிறையச் செருப்புகள் மண்ணைத் தேய்த்துக்கொண்டு ஓரடி முன்னால் நகர்ந்தன.