ரொட்டி வண்டிக்காரரின் நெற்றி

கேரள எல்லையோரப் பாறசாலையில் ரொட்டியும் ரஸ்க்கும் வண்டியில் கொண்டுபோய்க் கடைகளுக்குப் போடுகிற ரெத்தினதாஸின் நெற்றியில், ஏப்ரல் மாதத்து ஒரு திங்கட்கிழமை காலையில், யாரும் தொடாமலே சந்தனக்குறி வந்தது. ரப்பர் ஷீட்டுக்கு விலை கொஞ்சம் ஏறியிருந்த வாரம் அது. தலைமுறை தலைமுறையாகக் கிறிஸ்தவ மிஷன் சபையில் இருக்கிற குடும்பம்; அந்த வீட்டில் பெண்கள்கூடப் பொட்டு வைப்பதில்லை. பல் தேய்த்துக்கொண்டு நின்றவரைப் பார்த்து மனைவி ரத்னபாய், "லிஜாக்க அப்பா, நெத்தியில என்னவாக்கும் அது?" என்று கேட்டாள். கழுவினார், போயிற்று. துவர்த்துத் துண்டால் துடைத்துவிட்டு நிமிர்வதற்குள் ஈரம் மாறாத புதுச் சந்தனம் ஒரு விரல் அகலத்துக்குக் குறுக்கே வந்து உட்கார்ந்துகொண்டது. மகள் லிஜாவின் கல்யாண அறிவிப்பை, ஓலை என்பார்கள், ஞாயிறுதோறும் சபையில் வாசிக்கத் தொடங்க வேண்டிய வாரம் அது. மாப்பிள்ளை நிபினின் அப்பா யோசுவா, ஆரியங்கோட்டுச் சபையின் செயலாளர். கோயில் கொட்டு கேட்டால் ஜன்னலைச் சாத்துகிற ஆள் என்று பெயரெடுத்தவர்.

வண்டி ஓடாவிட்டால் வீடு ஓடாது என்பதால் நெற்றியில் பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டு கிளம்பினார். சந்தனம் பிளாஸ்திரிக்கு மேலே வந்தது. தொப்பி வைத்தார், தொப்பியின் மேல் வந்தது. பாலராமபுரம் நெசவுத்தெருவில் நுழைந்தபோது அது மூன்று திருநீற்றுப் பட்டையாகி நடுவில் குங்குமமும் வைத்துக்கொண்டது. நெய்யாற்றின்கரையில் கிருஷ்ணன் கோயில் முக்கைத் தாண்டும்போது ஒற்றைச் சந்தனக் கோடாக மூக்குக்கு மேலிருந்து செங்குத்தாக எழுந்து நின்றது. கள்ளிக்காட்டில் கணபதி ஹோமத்துக் கரிபோல ஒரு கறுப்புத் தீற்றல். களியக்காவிளையைத் தாண்டித் தமிழ்நாட்டுக்குள் சரக்கெடுக்கப் போனாலோ நெற்றி முழுக்கச் சாம்பல்தான். கடைக்காரர்கள் ரொட்டியின் தேதியைப் பார்ப்பதை விட்டுவிட்டு அவர் முகத்தைப் பார்த்தார்கள்.

இதற்கு அர்த்தம் சொன்னவள் பக்கத்து வீட்டுப் பங்கஜாட்சி. தொழிலுறுதி என்கிற நூறு நாள் வேலைக்குப் போகிறவள், எல்லாக் கோயிலுக்கும் ஒரு நடை போய்வருகிறவள். "அண்ணா, சந்தனம் தணுப்புக்கு, பஸ்மம் நாமெல்லாம் சாம்பலுண்ணு ஞாபகத்துக்கு, கரி கண்ணுபடாம இருக்க, மஞ்சப்பொடி பாம்புக்காவுல உள்ள நாகத்துக்கு. நீங்க நிக்கிற மண்ணுல பண்டு தொட்டு உள்ள ஆளு என்ன இட்டானோ அது உங்களுக்கு வருது. நாங்க வரிசையில நிண்ணு வாங்கணும், உங்களுக்கு சும்மா கிட்டுது, பின்ன எதுக்கு மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கீங்க?" என்று சிரித்தாள். ரெத்தினதாஸுக்குச் சிரிப்பு வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை காய்ச்சல் என்று சொல்லி வீட்டிலேயே கிடந்தார். ஓலையின் முதல் வாசிப்பை அப்பா இல்லாமலே லிஜா கேட்டுவிட்டு வந்தாள்.

பேச்சு ஆரியங்கோட்டுக்குப் போகாமல் இருக்குமா? யோசுவா போனில் நேரில் வரச் சொன்னார். வழி முழுக்க ரெத்தினதாஸ் ஜெபித்துக்கொண்டே ஓட்டினார், கண்ணாடியில் ஒவ்வொரு குறியாக மாறுவதையும் பார்த்துக்கொண்டே. யோசுவா வாசலிலேயே நின்றார்.

"நீரு அம்பலத்துக்குக் கும்பிடப் போறீரா? அத மட்டும் செல்லும். உள்ளது செல்லாட்டா இந்தக் கல்யாணம் இதோட நிக்கட்டு."

"பைபிளு மேல கைவச்சு செல்லுறேன், நான் ஒரு அம்பலத்திலயும் கேறினதில்ல" என்று சொல்லியபடி ரெத்தினதாஸ் இரண்டெட்டு முன்னால் வந்து, கார் நிறுத்துகிற சிமெண்ட் தரையில் கால்வைத்தார். நெற்றியில் மஞ்சள்பொடி பூத்தது. கண்ணிமையில்கூடக் கொஞ்சம் உதிர்ந்தது.

யோசுவா கேட்டைச் சாத்திவிட்டு வந்து படியில் உட்கார்ந்தார். "எனக்க அப்பன் ஞாயித்துக்கிழமை சபைக்குப் போவாரு. ஆயில்ய நட்சத்திரத்துக்கு, ஆரும் காணாம, பாம்புக்கல்லுல மஞ்சளும் போடுவாரு. அவரு போன பெறவு நான்தான் அந்தக் கல்லுக்கு மேல சிமெண்ட் போட்டேன். அண்ணையிலேருந்து நல்லா ஒறங்கினதில்ல. நிபினுக்கு இது தெரியாது" என்றார். பிறகு எழுந்து, தன் கைக்குட்டையாலேயே ரெத்தினதாஸின் இமையைத் துடைத்துவிட்டார். "பிள்ளையளுக்க காரியம் நடக்கட்டு. மிச்ச ஓலையும் வாசிக்கட்டு."

ஓலை வாசித்து முடிந்தது, பந்தலும் போட்டாயிற்று. ஆனால் ரெத்தினதாஸுக்குப் பயம் விடவில்லை. குறி வந்த நாளிலிருந்து அவர் சபைக்குள் கால்வைக்கவேயில்லை. அந்த மண்ணில் என்ன வரும் என்று யாருக்கும் தெரியாது. கல்யாணத்தன்று மகளின் கையைப் பிடித்துக்கொண்டு சபை வளாகத்துக்குள் நடந்தார். கூட்டம் மொத்தமும் திரும்பி அவர் நெற்றியைப் பார்த்தது. அங்கே ஒன்றும் இல்லை. ஜங்ஷன் வரைக்கும் இருந்த குங்குமம் மதிலோடு நின்றுவிட்டிருந்தது. போதகர் மூச்சுவிட்டது மைக்கில் கேட்டது. கர்த்தர் காப்பாற்றினார் என்று ரத்னபாய் அழுதாள்.

சபை மதிலுக்குள்ளேயே போட்டிருந்த விருந்துப் பந்தலில் பாயசம் குடித்துக்கொண்டிருந்த பங்கஜாட்சி அவரைத் தனியாக அழைத்தாள். "அண்ணா, குறி போச்சுண்ணு நினைக்காதீங்க. இந்த மண்ணுக்க குறி இந்த வெறும் நெத்தியாக்கும். பண்டு இங்க குடியிருந்தது உங்க ஆளும் எங்க ஆளுந்தான். பிறவு உங்க ஆளு மிஷன்காரங்க வேதத்துல சேர்ந்தாங்க, எங்க ஆளு அப்படியே நிண்ணாங்க. அண்ணைக்கு ரெண்டு பேருக்கும் ஆரும் சந்தனம் தரல்ல. அம்பலத்து ரோட்டுல நடக்கவே விடல்ல, பின்ன குறி எங்க கிட்டும்!" அவள் தன் நெற்றிச் சந்தனத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். ரெத்தினதாஸ் தன் வெறும் நெற்றியைத் தொட்டார். மகளின் கையைப் பிடித்துக்கொடுத்தபோதுகூட அழாத மனிதர் அப்போது அழுதார்.

மறுநாள் வண்டி எடுத்ததும் சந்தனம் வந்தது, அவர் துடைக்கவில்லை. இப்போது அந்தப் பக்கத்தில் மனை வாங்குகிறவர்கள் முன்பணம் கொடுக்கும் முன் அவரை அழைத்துப்போய் நிலத்தில் நிறுத்தி, அடியில் காவோ கல்லோ உண்டா என்று பார்க்கிறார்கள். கூலியாக ஒரு காப்பி. ஞாயிற்றுக்கிழமைகளில் சபைக்குள் மட்டும் நெற்றி வெறுமையாக இருக்கிறது. வேதபாடம் வாசிக்க எழுந்ததும், மற்றவர்கள் கோயில் வாசலில் குறியைச் சரிபார்ப்பதுபோல, அந்த வெறுமையை விரலால் ஒருமுறை தொட்டுக்கொண்டு அவர் புத்தகத்தைத் திறக்கிறார்.