திரையின் வலது ஓரம்

ஏழு மாதமாக எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தது. புதிய சிஸ்டத்துக்கு இப்போதே மாறலாமா, பிறகு பார்க்கலாமா? நான் ஒவ்வொரு முறையும் ‘பிறகு’ என்பதையே அழுத்தினேன். வாசலில் வந்து நிற்கும் விற்பனைக்காரரை முகம் கோணாமல், கதவையும் முழுக்கத் திறக்காமல் அனுப்பிவைப்போமே, அந்த மாதிரி.

ஏன் என்று கேட்டிருந்தால் சொல்லியிருக்கமாட்டேன். திரையின் வலது ஓரத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டியிருந்த மஞ்சள் சீட்டுகள்தான் காரணம். பழைய சிஸ்டம் போனால் அவையும் போய்விடுமோ என்ற பயம். ஐம்பது வயதை நெருங்குகிறவள் இதைப் போய் யாரிடம் சொல்வது?

எனக்கு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. வெறும் வயிற்றோடு வருகிறவர்களுக்காகக் காலை ஆறரைக்கே கதவைத் திறந்துவிட வேண்டும். என் கணவருக்கு லிஃப்ட் பழுதுபார்க்கும் வேலை. அலுவலகங்களில் ஆட்கள் கிளம்பிய பிறகுதான் லிஃப்டை நிறுத்திக் கை வைக்க முடியும் என்பதால் பன்னிரண்டு வருடம் அவருக்கு மாலை ஷிஃப்ட். நான் வீட்டுக்கு வரும்போது அவர் கிளம்பியிருப்பார். அவர் வரும்போது நான் தூங்கியிருப்பேன். “ஞாயித்துக்கிழமை புருஷன், ஞாயித்துக்கிழமை பொண்டாட்டி” என்று என் நாத்தனார் கேலி செய்வாள்.

சொல்ல வேண்டியதை முதலில் காகிதத்தில்தான் எழுதிவைத்தோம். ‘சமையலறைக் குழாய் உடைந்துவிட்டது, மெயின் வால்வைத் திறக்காதே’ என்று அவர் எழுதிய துண்டுச் சீட்டு ஒருநாள் மின்விசிறிக் காற்றில் பறந்து பீரோவுக்கு அடியில் போய்விட்டது. நான் வால்வைத் திறந்தேன். வீடெல்லாம் கணுக்கால் அளவு தண்ணீர். எங்கள் மகளுக்கு அப்போது எட்டு வயது. பள்ளிக்கூடத்தில் கற்றுக்கொண்டு வந்து, கம்ப்யூட்டர் திரையில் மஞ்சள் சீட்டு ஒட்ட எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தாள். “இதுல எழுதுங்க. இது பறக்காது” என்றாள்.

எங்களுக்குள் ஒரு விதி தானாக உருவானது. சீட்டில் சொன்ன வேலை முடிந்தால், முடித்தவர் அந்தச் சீட்டை அழித்துவிட வேண்டும். கேஸ் சிலிண்டருக்குச் சொல்லு, வாண்டுக்குக் காய்ச்சல் மருந்து எட்டு மணிக்கு, பால் கீழ்த்தட்டில் இருக்கிறது. இப்படிப்பட்டவை அன்றன்றைக்கே போய்விடும். வேலை எதுவும் சொல்லாத சீட்டுகளை என்ன செய்வது என்று விதியில் இல்லை. அவற்றை யாரும் அழிக்கவில்லை.

‘நேத்து தூக்கத்துல சிரிச்சே. யாரைப் பாத்து?’ என்று ஒருநாள் அவர் எழுதியிருந்தார். ‘லிஃப்ட்ல நீங்க மாட்டிக்கிட்ட மாதிரி கனவு’ என்று நான் அடியில் எழுதினேன். பெரிய சண்டை ஒன்று நடந்த ஞாயிற்றுக்கிழமைக்கு மறுநாள் அவருடைய சீட்டில் இரண்டே வார்த்தைகள்: ‘தப்பு என்னுதுதான்.’ அதை நேரில் சொல்லச் சொன்னால் மனிதருக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். என் மாமனார் இறந்து பதினாறு நாள் கழித்து அவர் வேலைக்குத் திரும்பிய அன்று நான் எழுதியது: ‘வந்ததும் அழணும்போல இருந்தா என்னை எழுப்புங்க. நாளைக்கு லீவு சொல்லிட்டேன்.’ அவர் எழுப்பினார். அதைப் பற்றி நாங்கள் பிறகு பேசியதே இல்லை. சீட்டு மட்டும் இருந்தது.

போன வருடம் அவருடைய முழங்கால் தகராறு செய்ததால் கம்பெனியில் அவரை மேற்பார்வைக்கு மாற்றினார்கள். பகல் வேலை. இனி தினமும் ஒன்றாகச் சாப்பிடலாம் என்று நான் புது மேஜைவிரிப்பு வாங்கினேன். ஒன்றாகத்தான் சாப்பிட்டோம். உப்பு சரியாக இருக்கிறதா என்று நான் கேட்பேன், இருக்கிறது என்பார். குழாய் ஒழுகுகிறது என்பேன், பார்க்கிறேன் என்பார். அதோடு சரி. எழுதுவதற்கு அவசியம் இல்லாமல் போனது. பேசவோ எங்களுக்குப் பழக்கமில்லை. ஒரு வருடமாகத் திரையில் புதுச் சீட்டு ஒன்றுகூட வரவில்லை. பழைய அடுக்கு மட்டும் ஓரத்தில் அப்படியே கிடந்தது. அவர் வேலையில் இருக்கும்போது மேலே இருக்கும் நாலைந்தை நகர்த்திப் படித்துவிட்டு, மறுபடி அதே இடத்தில் வைத்துவிடுவேன். அவர் அவற்றைச் சோம்பலில்தான் அழிக்காமல் விட்டிருக்கிறார் என்று எனக்கு எண்ணம்.

‘பிறகு’ என்று இனிமேலும் தள்ள முடியாதபடி செய்தது என் வேலை. ரத்தம் எடுப்பவர்கள் எல்லோரும் மாதக் கடைசிக்குள் வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் ஒரு தேர்வு எழுத வேண்டும், தவறினால் ஊசியைத் தொடக்கூடாது என்று உத்தரவு வந்தது. வரவேற்பு மேஜையில் உட்கார்ந்து டோக்கன் கிழிக்க வேண்டியதுதான். தேர்வுப் பக்கத்தைத் திறந்தால், உங்கள் சிஸ்டம் பழையது, இதில் ஓடாது என்று வந்தது.

வேறு ஊரில் வேலை பார்க்கும் மகளுக்குப் போன் செய்தேன். “அம்மா, அது கம்ப்யூட்டர் இல்ல, கல்வெட்டு” என்றாள். “எவ்வளவு நாளா சொல்றேன். மாத்தலேன்னா ஒருநாள் மொத்தமா படுத்துடும். நான் ஆளை அனுப்பறேன், நீ சும்மா இரு.” வெள்ளிக்கிழமைக்கு ஒரு கம்ப்யூட்டர் கடைக்காரரை அவளே ஏற்பாடும் செய்துவிட்டாள். நான் லீவு போட்டேன்.

வியாழக்கிழமை மாலை அவரிடம் விஷயத்தைச் சொன்னேன். “ஓடுற லிஃப்டைப் பிரிக்காதேன்னு எங்க தொழில்ல ஒரு பேச்சு உண்டு” என்றார்.

“ஓடுதுன்னு யார் சொன்னா? தேர்வுப் பக்கமே திறக்க மாட்டேங்குது.”

என் பிழைப்பில் சிக்கல் என்றால் குறுக்கே நிற்கிற மனிதர் இல்லை அவர். நான் தட்டுகளை எடுத்துக்கொண்டே, முகத்தைத் திருப்பாமல் கேட்டேன்.

“அதுல உங்களுக்கு ஏதாவது எடுத்து வைக்கணுமா?”

தண்ணீர் டம்ளரைத் தூக்கிய கை ஒரு கணம் அப்படியே நின்றது. அதை நான் ஓரக்கண்ணால் பார்த்தேன்.

“எனக்கென்ன இருக்கு அதுல. நீயே பாத்துக்கோ” என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. சரி, அவருக்கே ஒன்றுமில்லை என்றால் நான் மட்டும் எதற்குக் கட்டிக்கொண்டு அழ வேண்டும் என்று நினைத்தேன். அந்தக் கை ஏன் நின்றது என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

மறுநாள் காலை நான் குளித்துவிட்டு வெளியே வந்தபோது அவர் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார். “கம்ப்யூட்டரைப் போட்டு வச்சிருக்கேன். பாத்துக்கோ” என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். வருகிற ஆளுக்கு வசதியாக இருக்கட்டும் என்று போட்டுவைத்திருக்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். திரை அணைந்து கறுப்பாக இருந்தது. நான் அதன் பக்கம் போகாமல், மேஜையில் தூசி துடைத்து, நாற்காலிக்கு உறை மாற்றிக்கொண்டிருந்தேன்.

கடைக்காரர் பத்து மணிக்கு வந்தார். முப்பது வயதிருக்கும், மரியாதையான பேச்சு. நான் காபி போட உள்ளே போய்த் திரும்புவதற்குள் திரையை எழுப்பி, வந்த சீட்டுகளை எல்லாம் கீழே ஒதுக்கிவிட்டு வேலையைத் தொடங்கியிருந்தார். உள்ளே இடம் போதாது, எல்லாவற்றையும் துடைத்துவிட்டுத்தான் புதுசு போட முடியும், வேண்டியதை முதலில் தனியாக எடுத்துவைத்துக்கொள்ளலாம் என்றார். நான் பட்டியல் எழுதியே வைத்திருந்தேன். புகைப்படங்கள், மகளின் சான்றிதழ்கள், வீட்டுப் பத்திரத்தின் நகல், என் வேலைக் கடிதங்கள். ஒவ்வொன்றாக எடுத்து, திறந்து காட்டி, சரிபார்த்தார்.

“இந்த மஞ்சள் சீட்டெல்லாம் என்னக்கா? ஏகப்பட்டது இருக்கே, வேணுமா?”

அவருடைய விரல் மவுஸ் மேல் இருந்தது. ஒரு சொடுக்கில் அத்தனையும் விரிந்துவிடும். தூக்கத்தில் சிரித்ததும், ‘தப்பு என்னுதுதான்’ என்பதும், ‘அழணும்போல இருந்தா’ என்பதும் ஒரு மூன்றாம் மனிதர் கண்முன்னால் விரிவதை நினைத்ததும் என் காது சூடானது. முந்தைய நாள் சுருக்கென்று தைத்ததும் உள்ளே அப்படியே இருந்தது.

“பழசுதான். வேண்டாம்” என்றேன்.

மதியத்துக்குள் வேலை முடிந்தது. திரை பளிச்சென்று, கல்யாணத்துக்கு வெள்ளையடித்த வீடு மாதிரி இருந்தது. தேர்வுப் பக்கம் முதல் தட்டிலேயே திறந்தது. வலது ஓரத்தை மட்டும் நான் பார்க்கவில்லை.

மாலை அவர் ஐந்தே முக்காலுக்கு வந்தார். வழக்கமாகக் கைகால் கழுவாமல் கூடத்துக்குள் வராதவர், நேரே கம்ப்யூட்டர் முன்னால் போய் நின்றார்.

“சீட்டு பாத்தியா?”

“எந்தச் சீட்டு?”

“காலைல எழுதி வச்சேனே. நீ குளிச்சிட்டிருந்தப்போ. எல்லாத்துக்கும் மேல.”

நான் அவரைப் பார்த்தேன். அவர் திரையின் வலது ஓரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு வருடமாகச் சீட்டே வராத இடத்தில் இன்றைக்குப் பார்த்து ஒரு சீட்டு இருக்கும் என்று எனக்கு எப்படித் தோன்றும்? ஆனால் அவருக்கு வேறு எங்கே எழுதத் தோன்றும்? முக்கியமானது என்றால் அந்த மனிதர் அங்கேதானே எழுதுவார். பன்னிரண்டு வருடம் அவர் சீட்டுகளைப் படித்த எனக்கு அது தெரிந்திருக்க வேண்டாமா?

கடைக்காரருக்குப் போன் செய்தேன். நான் கேட்ட விதத்திலேயே அவருக்குப் புரிந்திருக்க வேண்டும், குரலைத் தணித்துக்கொண்டார். “சுத்தமா துடைச்சுட்டுத்தான்க்கா போட்டேன். அதுல இனிமே ஒண்ணும் கிடைக்காது. அப்பவே சொல்லியிருந்தீங்கன்னா ரெண்டு நிமிஷ வேலை.”

போனை வைத்ததும் அவர், “விடு. பழசுதானே” என்றார். காலையில் நான் சொன்ன அதே சொல்.

“என்ன எழுதியிருந்தீங்க?”

வாயைத் திறந்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடி மாட்டிக்கொண்டார். “வாய்ல வர மாட்டேங்குது” என்றார் கடைசியில்.

நான் மொட்டைமாடிக்குப் போய்க் காய்ந்த துணிகளை எடுத்தேன். வழக்கமாக அள்ளிக்கொண்டு வருவேன். அன்றைக்கு ஒவ்வொன்றையும் அங்கேயே உதறி, மடித்து, அடுக்கினேன். கீழே இறங்கும்போது குளியலறையில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. புது சிஸ்டத்தில் சீட்டு எழுதும் இடம் எங்கே இருக்கிறது என்று எப்படியோ கண்டுபிடித்திருக்கிறார். வலது ஓரத்தில் ஒரே ஒரு மஞ்சள் சீட்டு இருந்தது. காலையில் எழுதியதையே திரும்ப எழுதியிருந்தார்.

‘ஓரத்தில இருக்கிற சீட்டையெல்லாம் எடுத்து வைக்கச் சொல்லு. ஒண்ணு விடாம. அந்த ஆள்கிட்ட கேக்க உனக்கு வெக்கமா இருந்தா, என் வீட்டுக்காரருக்கு வேணுமாம்னு சொல்லிடு.’

துணி அடுக்கை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். என் வெட்கம் அவருக்கு முன்கூட்டியே தெரிந்திருக்கிறது. அதற்கு ஒரு வழியும் எழுதிவைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை இருவரும் உட்கார்ந்து ஞாபகத்திலிருந்து எழுதிப் பார்த்தோம். கிட்டத்தட்ட இருநூறு இருந்திருக்கும் என்றார், நானும் அப்படித்தான் நினைத்தேன். மொத்தம் பதினொன்று கிடைத்தது. அதிலும் நான்கில் தகராறு. “கனவுல நான் லிஃப்ட்ல மாட்டிக்கலே, நடு ரோட்டுல விழுந்தேன்னு எழுதியிருந்தே” என்றார். “உங்களை ரோட்டுல தள்ளணும்னா நான் எதுக்குக் கனவு வரைக்கும் போகணும்?” என்றேன். ரொம்ப நாளைக்குப் பிறகு அவர் சத்தமாகச் சிரித்தார். பிறகு இருவரும் அடுத்த சீட்டை யோசித்தோம். வரவில்லை. காபி ஆறிப்போயிருந்தது.

தேர்வில் தேறிவிட்டேன். ஊசி என் கையில்தான் இருக்கிறது. மகள் கேட்டாள், புதுசு எப்படி ஓடுகிறது என்று. நன்றாக ஓடுகிறது என்றேன். பொய் இல்லை.

இப்போது எப்போதாவது ஒரு சீட்டு வருகிறது. ‘குழாய் சரி பண்ணிட்டேன்’ என்று. பார்த்ததும் அழித்துவிடுகிறேன். அந்த வெள்ளிக்கிழமைச் சீட்டை மட்டும் அழிக்கவில்லை. சொன்ன வேலையை முடித்தால்தான் சீட்டை அழிக்கலாம் என்பது எங்கள் வீட்டு விதி. அந்த வேலையை இனி நான் முடிக்க முடியாது. அது வலது ஓரத்திலேயே இருக்கிறது.