நடக்காத விபத்து

கேழ்வரகுக் கூழில் மோரை ஊற்றி ராயம்மாள் கரைத்துக்கொண்டிருந்தபோது ரயில்வே கேட்டுக் கொட்டகையில் போன் அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. அவள் கை சட்டிக்குள்ளேயே நின்றுவிட்டது. அவள் புருஷன் ஸ்தனிஸ்லாஸ் போனை இரண்டாம் மணிக்கு விடுகிற ஆளே அல்ல.

கையைக்கூடக் கழுவாமல் ஓடினாள். மனிதர் ஸ்டூலில் உட்கார்ந்து சுவரில் சாய்ந்திருந்தார். "ஏனுங்க, போனுங்க" என்று தோளைத் தொட்டாள். எந்நேரமும் கல்லாக இறுகிக் கிடக்கும் தோள், தொட்டதும் தளர்ந்து சரிந்தது. மூக்கருகே விரலை வைத்துப் பார்த்தாள். மூச்சு இல்லை.

போன் இன்னும் அடித்தது. எடுத்து, "அலோ" என்றாள். ஸ்டேஷன் மாஸ்டர் பேசினார்.

"வண்டி பொம்மிடிய வுட்டுக் கெளம்பிருச்சு. கேட்ட மூடு. யாரு, ராயம்மாளா? அவன் எங்க?"

"இங்கதாங்க இருக்காரு. மூடிடறோமுங்க."

இந்தக் கேட்டில் எதுவும் நடந்ததில்லை, அதுதான் வேடிக்கை. பல வருஷத்துக்கு முன்னால், மூத்த மகள் கல்யாண வேலையில் ராத்தூக்கம் கெட்டு, மறுநாள் பகலில் இதே ஸ்டூலில் ஒருதரம் கண்ணயர்ந்துவிட்டார். விசில் கேட்டு எழுந்தால், திறந்த கேட்டில் தண்டவாளத்தின்மேல் ஒரு கட்டைவண்டி. வண்டியில் கைக்குழந்தையோடு ஒரு பெண். மயிரிழையில் தப்பியது. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று ஊரார் சொல்லி, அன்றைக்கே மறந்தும் போனார்கள்.

அவரால் மறக்க முடியவில்லை. "அந்தப் பொம்பள சிரிச்சுக்கிட்டே போனா ராயம்மா. அவ இன்னும் தண்டவாளத்து மேலதான் இருக்கா" என்பார். வண்டியே வராத நேரத்திலும் எழுந்து போய்த் தண்டவாளத்தைப் பார்த்துவிட்டு வருவார். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று அவளும் முதலில் கேலி செய்தாள். வருஷங்கள் போகப் போக அவர் முகம் பணியாரமாக உப்பியது. வயிறு முன்தள்ளி, கைகால் குச்சியாயின. லேசாக இடித்தாலும் தோல் கன்றிப்போகும். சின்னக் கீறல்கூட ஆறாமல் கிடந்தது.

சேலத்து டாக்டர் அவளைத் தனியே கூப்பிட்டுச் சொன்னார். "ஏம்மா, பயந்தா உடம்புக்குள்ள ஒரு சுரப்பி சுரக்கும். ஓடித் தப்பிக்க அது வேணும். ஆபத்து போனதும் அடங்கிடணும். இவருக்கு அடங்கவே இல்ல. அதுதான் ஆளத் தின்னுது. மாத்திரைய விட நல்ல தூக்கம்தான் இவருக்கு முக்கியம்."

அந்தத் தூக்கத்தைத்தான் அவளால் வாங்கித்தர முடியவில்லை. மாதா கோவிலில் ஏற்றிய மெழுகுவர்த்திகளும் வீண்.

அழ நேரமில்லை. இன்றைக்கு ஒன்று நடந்துவிட்டால், செத்தும் அவர் பேர் கெட்டுவிடும். அவருடைய கண்களை மூடி, நெற்றியில் சிலுவை வரைந்துவிட்டு, பச்சைக்கொடியை உருவிக்கொண்டு வெளியே ஓடினாள்.

தொலைவில் புகை தெரிந்தது. மலையிலிருந்து புளி மூட்டையோடு இறங்கும் மாதேஸின் மாட்டுவண்டி கேட்டை நெருங்கிக்கொண்டிருந்தது.

"நில்லு மாதேசு! வண்டி வருது!"

அவருக்குக் காய்ச்சல் வந்தபோது ஒன்றிரண்டு தடவை அவள் சுற்றிய கேட்டுச் சக்கரம்தான். இன்று அசைய மறுத்தது. நாக்கு வறண்டது. நெஞ்சு காதுக்குள் இடித்தது. இத்தனை வருஷமும் அவர் உடம்புக்குள் ஓடியது இதுதானா? ஒருவேளைக்கே அவளால் தாங்க முடியவில்லையே. பாவி மனுஷன், இதை வைத்துக்கொண்டா கூழ் குடித்தார், பேரப்பிள்ளையைக் கொஞ்சினார்!

தன் எடை முழுவதையும் போட்டு அழுத்தினாள். குறுக்குக் கம்பம் மெல்ல இறங்கிப் படிந்தது. அவள் கொடியை நீட்டியபோது எஞ்சின் அனலடித்துக்கொண்டு கடந்தது. கடைசிப் பெட்டி போகும் வரை கையை இறக்கவில்லை.

கம்பத்தை ஏற்றினாள்.

"என்னங்க்கா, நீங்க நிக்கறீங்க? கேட்டுக்காரரு எங்க?" என்றான் மாதேஸ்.

ராயம்மாள் கொட்டகையைப் பார்த்தாள்.

"தூங்கறாருப்பா."

"அவரா? தூங்கறாரா!" மாதேஸின் முகம் மலர்ந்தது. "தூங்கட்டுங்க்கா, பாவம். எழுப்பிடாதீங்க."

அவன் வண்டியை விட்டுக் குதித்து முன்னால் வந்தான். இரண்டு மாடுகளின் கழுத்து மணிகளையும் கைக்கொன்றாகப் பொத்திப் பிடித்துக்கொண்டு, சத்தமே வராமல் அவற்றைக் கொட்டகையைத் தாண்டி நடத்திப் போனான்.