கண்டக்டர் சாப்பிட்ட பருப்பு

ஆந்திர எல்லையிலுள்ள நகரியின் நெசவாளர் தெருவில் வெளியூர் கிளம்புகிறவர்கள் ராகு காலம் பார்க்கிறார்களோ இல்லையோ, எத்திராஜிடம் ஒரு வார்த்தை கேட்காமல் கிளம்ப மாட்டார்கள். எந்த ஊரில் எந்த ஓட்டலில் சாப்பிடலாம் என்று கேட்கத்தான். புத்தூர் - சித்தூர் பஸ்ஸில் முப்பத்தோரு வருஷம் கண்டக்டராக இருந்து, நான்கு வருஷத்துக்கு முன்னால் ரிடையரானவர் அவர். வழியில் உள்ள அத்தனை அடுப்பையும் அறிந்தவர் என்று தெருவே நம்பியது. அவர் அதைவிட உறுதியாக நம்பினார்.

தெருவின் வாட்ஸ்அப் குரூப்பில் தினம் அவருடைய குரல் வந்துவிடும். எழுத்து தட்டுகிற பொறுமை அவருக்குக் கிடையாது. சித்தூர் பஸ் ஸ்டாண்டு எதிரே ராகி சங்கட்டி என்கிற களியும் நாட்டுக்கோழிக் குழம்பும் அமிர்தம், போனால் ஒரு மணிக்குள் போய்விடு. திருப்பதியில் இட்லி என்றால் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்பக்கச் சந்து, மற்றதெல்லாம் வெறும் போர்டு. புத்தூரில் எலும்புக்குக் கட்டுப் போட வருகிற கூட்டத்தை நம்பி நடக்கிற ஓட்டல்களில் காபியோடு நிறுத்திக்கொள். ஊர் விசேஷங்களும் அவர் வாயிலிருந்து தப்புவதில்லை. நாகபூஷணம் வீட்டுக் கல்யாணத்தில் பஃபே வைத்தது குற்றம், கங்கையம்மன் ஜாத்திரையில் ஊற்றிய கூழ் தண்ணீர், கோயில் ஆண்டுவிழாப் பொங்கலில் மிளகைக் காணோம். மிளகு விஷயத்தை மட்டும் மூன்று நாள் பேசினார்.

வீட்டில் இந்த விமர்சனத்துக்கு இடைவேளையே கிடையாது. அவர் மனைவி ரத்தினம்மா முன்னறையில் இரண்டு பவர்லூம் ஓட்டுகிறவள். நூல் அறுந்தால் ஓடிப்போய் முடிந்துவிட்டு, அந்த இடைவெளியில் அடுப்பையும் பார்த்துக்கொள்வாள். தறிச் சத்தத்தில் புருஷன் பேசுவது பாதிதான் காதில் விழும். விழுகிற பாதி எப்போதும் ஒன்றுதான்.

"நல்லாத்தான் கீது ரத்னா. ஆனா ஹரிபாபு ஓட்டல் பருப்பு மாரி வரல."

ஹரிபாபு ஓட்டல், சந்திரகிரி தாண்டி சித்தூர் ரோட்டில் இருப்பது. பஸ் அங்கே இருபது நிமிஷம் நிற்கும். ரத்தினம்மா அந்தப் பெயரைக் கேட்டுக் கேட்டே கிழவியாகிக்கொண்டிருந்தாள். "ஒரு நாளைக்கி என்னையும் இட்டுகினு போயேன், நானும் துன்னு பாக்கறேன்" என்று சின்ன வயதில் கேட்டிருக்கிறாள். டூட்டியில் பொண்டாட்டியை எப்படி ஏற்றிக்கொண்டு போவது என்று அவர் சொல்லிவிட்டார். அப்புறம் அவளும் கேட்பதை விட்டுவிட்டாள். வயிற்றெரிச்சல் மட்டும் விடவில்லை. முகம் தெரியாத ஒரு பருப்பின் மேல் இத்தனை வருஷம் ஆத்திரப்படுவது சாதாரண வேலையா?

இந்த வருஷம் தெருச் சங்கத்தார் ஒரு நாள் தறிகளை நிறுத்திவிட்டு, பஸ் பிடித்துக் காணிப்பாக்கம் பிள்ளையாரைப் பார்த்து வருவதென்று முடிவு செய்தார்கள். கூட்டத்தில் சங்கச் செயலாளர் பரணி, "புளிசோறு கட்டிகினு போயிடலாம். இல்லன்னா கோயில்லயே அன்னதானம் போடறாங்க, அங்க துன்னுக்கலாம்" என்றான். எத்திராஜுக்கு முகம் சிவந்துவிட்டது. தான் உட்கார்ந்திருக்கிற இடத்தில் புளிசோறா?

"ஹரிபாபு ஓட்டல்ல நிறுத்தறோம். அங்க சாப்பாடு சரியில்லன்னு ஒருத்தர் சொல்லட்டும், இனிமே எந்த ஓட்டல பத்தியும் இந்தத் தெருவுல நான் வாயத் தொறக்க மாட்டேன்."

கூட்டம் கைதட்டி ஒப்புக்கொண்டது. அவருக்கு இது விளையாட்டுப் பேச்சில்லை. மகள் காஞ்சனா கட்டிக்கொடுத்த ஊரில் சௌக்கியமாக இருக்கிறாள், பென்ஷன் ஒழுங்காக வருகிறது, பகல் முழுக்க வேறு வேலை கிடையாது. "அண்ணா, நாளைக்கி ரேணிகுண்டா போறேன், எங்க துன்னலாம்?" என்று நாலு பேர் நிறுத்திக் கேட்கிறார்களே, அந்தக் கேள்விதான் அவரை இன்னும் வேலையில் இருக்கிற மனிதராக வைத்திருந்தது. அது போனால் அவர் வெறும் கிழவன்.

குறித்த நாளில் பஸ் கிளம்பியது. காலையில் திருச்சானூரில் தாயாரைச் சேவித்துவிட்டு, சந்திரகிரி தாண்டும்போது எல்லாருக்கும் பசி. எத்திராஜ் பஸ்ஸின் நடுவழியில் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டு, என்னென்ன வரும் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே வந்தார். புளிச்ச கீரைப் பருப்பு, காய்ச்சின நெய், பீர்க்கங்காய்த் துவையல், மிளகு தூக்கலான ரசம். பின் சீட்டுக் குழந்தைகள்கூட அழுவதை நிறுத்திவிட்டுக் கேட்டன.

பஸ் நின்றதும் ஹரிபாபு கல்லாவைவிட்டு ஓடிவந்தார். "ரா அண்ணா, ரா ரா! எத்தனை நாளாச்சி!" என்று எத்திராஜின் தோளைக் கட்டிக்கொண்டார். கூட்டம் முன்கூடத்தில் மேஜை மேஜையாக உட்கார்ந்தது. ஹரிபாபு எத்திராஜையும் பஸ் டிரைவரையும் பக்கவாட்டுக் கதவு வழியாக அழைத்துப் போனார். எத்திராஜும் போனார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை, முப்பத்தோரு வருஷம் அந்தக் கால்கள் அந்தக் கதவு வழியாகத்தான் போயிருக்கின்றன. பின்னால் ஒரு சின்ன அறை, ஒரு பெஞ்சு, ஒரு மேஜை, சுவரில் ஒரு சன்னல். சன்னல் வழியாகத் தட்டு வரும்.

வந்தது. அதே பருப்பு, அதே நெய். முதல் கவளத்திலேயே எத்திராஜ் கண்ணை மூடிக்கொண்டார். வெளியே இத்தனை பேரும் இப்போது இதைத்தான் பிசைந்துகொண்டிருப்பார்கள், பரணியின் வாயில் புளிசோறு என்ற வார்த்தை இனி வருமா என்று நினைக்க நினைக்க இன்னும் இரண்டு கவளம் கூடவே இறங்கியது. சாவகாசமாக மோர் சாதம் வரை வந்து, ஏப்பம் விட்டு, கையைத் துடைத்துக்கொண்டு முன்கூடத்துக்கு வந்தார்.

கூடத்தில் பேச்சே இல்லை. நெசவாளர் தெருக்காரர்கள் நாற்பது பேர் ஓரிடத்தில் உட்கார்ந்து பேசாமலிருப்பது எழவு வீட்டில்கூட நடக்காது. நாகபூஷணம் அப்பளத்தை மட்டும் கடித்துக்கொண்டிருந்தார். பக்கத்து வீட்டு தேவசேனா பிள்ளைக்குத் தண்ணீர் கொடுத்துக் கொடுத்துச் சோற்றை இறக்கிக்கொண்டிருந்தாள். ரத்தினம்மா பாதியில் இலையை மூடிவிட்டு, கை காய உட்கார்ந்திருந்தாள்.

"இன்னா, எல்லாம் வாயடைச்சிப் போய்ட்டீங்க?" என்று சிரித்தபடி வந்தார் எத்திராஜ். யாரும் நிமிரவில்லை. அவருக்குச் சிரிப்பு நின்றது. ரத்தினம்மா பக்கத்தில் உட்கார்ந்து, மூடின இலையைத் திறந்து, சோற்றைத் தொட்டார். ஆறிப் போய்க் கட்டி கட்டியாக இருந்தது. மேலே மஞ்சள் தண்ணீர். பருப்பு என்று அதற்கு யாரோ பெயர் வைத்திருந்தார்கள். ஒரு வாய் போட்டுக்கொண்டார். விழுங்க முடியவில்லை.

ஹரிபாபுவைக் கூப்பிட்டார். "இன்னாய்யா இது? எனக்குப் போட்டது எங்க?"

ஹரிபாபு ஒளிவு மறைவே இல்லாமல் பதில் சொன்னார். "அதி மா இண்ட்லோ வண்ட அண்ணா! உங்களுக்குப் போட்றது எங்க ஊட்டுச் சமையல். டிரைவருக்கும் கண்டக்டருக்கும் எப்பவும் அதான. நீங்க பஸ்ஸ நிறுத்தினாத்தான எனக்கு யாவாரம்? இங்க முன்னாடி போட்றது மாஸ்டர் செய்றது. எல்லா ஓட்டல்லயும் இதான அண்ணா வழக்கம், உங்களுக்குத் தெரியாதா?"

எத்திராஜுக்குத் தெரியாது. ஓசிச் சாப்பாடு என்று தெரியும், வேறு சாப்பாடு என்று தெரியாது. முன்கூடத்தில் ஒரு நாள்கூட அவர் உட்கார்ந்ததில்லை.

முதலில் எழுந்து வந்தவன் பரணி. அவனும் நல்ல பிள்ளைதான், பெரிய மனிதர் தலைகுனிந்து உட்கார்ந்திருப்பதை அவனால் பார்க்க முடியவில்லை. "வுடுண்ணா. இன்னிக்கி மாஸ்டர் புதுசா வந்தவன் போல கீது. உன் பேச்சு எப்பவும் தப்பாது" என்றான். நாகபூஷணமும் "ஆமாமா, ஒரு நாளைக்கி அப்டி ஆயிடும்" என்றார். பழைய மாஸ்டர் லீவு என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், எத்திராஜின் மானம் நகரிக்குப் பத்திரமாகத் திரும்பிவிடும். அவர் வாயைத் திறந்தும்விட்டார். அப்போதுதான் ரத்தினம்மா தன்னைப் பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டார்.

கோபமாகப் பார்த்திருந்தால்கூடச் சொல்லியிருப்பார். அவர் என்ன சொல்லப் போகிறார் என்று தெரிந்துகொள்ளத்தான் அவள் பார்த்தாள்.

எத்திராஜ் எழுந்து நின்றார். டிக்கெட் டிக்கெட் என்று கூப்பிட்டுப் பழகிய குரல், கூடம் முழுக்கக் கேட்டது. "மாஸ்டர் மேல தப்பில்ல. நான்தான் இந்தக் கூடத்துல ஒரு நாளும் துன்னதில்ல. முப்பத்தோரு வருஷமா பின்னால தனி ரூம்ல, தனிச் சோறு. இங்க மட்டும் இல்ல. ரேணிகுண்டா, திருப்பதி, சித்தூர், நான் உங்களுக்குச் சொன்ன அத்தினி ஓட்டல்லயும் காக்கிச் சட்டைக்கித் தனியா போட்டதத்தான் துன்னுகினு இருந்திருக்கிறேன். நீங்க துன்றது எப்டி இருக்கும்னு எனக்குத் தெரியாது."

 நாகபூஷணம் மேஜையைத் தட்டினார். "அடப்பாவி எத்திராஜி! மாப்ள ஊட்டாரு வந்தப்ப நீ சொன்னேன்னு ரேணிகுண்டால பிரியாணி வாங்கினு வந்தேன். மூணு நாளு எல்லாருக்கும் வயித்து வலி. உன் மேல இருந்த நம்பிக்கையில, எங்க ஊட்டுத் தண்ணிதான் கெட்டுப்போச்சின்னு தொட்டிய கழுவி வுட்டேன்யா!"

"சித்தூர் ராகி சங்கட்டி தொண்டையில நின்னுகினு எறங்கவே மாட்டேன்னுதுண்ணா" என்றாள் தேவசேனா. "எனக்குத்தான் துன்னத் தெரியலியோன்னு யாருக்கும் சொல்லல."

அவ்வளவுதான், அணை உடைந்துவிட்டது. ஒவ்வொருவரிடமும் ஒரு கதை இருந்தது. கல்லு மாதிரி இட்லி, ஊசிப்போன சட்னி, கரப்பான் பூச்சி நீந்திய காபி. எத்திராஜண்ணன் சொல்லியும் இப்படி வந்தால் அது நம் தலையெழுத்துதான் என்று தெருவே வருஷக்கணக்கில் வாயைப் பொத்திக்கொண்டு சாப்பிட்டிருக்கிறது. சொல்லச் சொல்ல ஒருத்தரை ஒருத்தர் அடித்துக்கொண்டு சிரித்தார்கள். பரணிக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. நடுவில் நின்ற எத்திராஜுக்கும் கடைசியில் சிரிப்பு வந்தது, ஆனால் கண்ணோரம் ஈரமாகத்தான் இருந்தது. காணிப்பாக்கம் அன்னதானத்துக்கு இன்னும் நேரம் இருக்கிறது, கையைக் கழுவிக்கொண்டு கிளம்புங்கள் என்றான் பரணி.

கூட்டம் பஸ்ஸுக்கு நகர்ந்தது. ரத்தினம்மா மட்டும் எழுந்திருக்கவில்லை.

"நான் அந்த ரூம்ல துன்னணும்" என்றாள்.

ஹரிபாபு அவள் புருஷனைப் பார்த்தார். புருஷன் பக்கவாட்டுக் கதவைத் திறந்துவிட்டார். அவள் பெஞ்சில் உட்கார்ந்தாள். சன்னலில் தட்டு வந்தது. சோற்றில் பருப்பைப் பிசைந்து ஒரு வாய், பிறகு ஒரு வாய் என்று அவசரமில்லாமல் சாப்பிட்டாள். எத்திராஜ் வாசற்படியில் நின்று அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பரீட்சை ரிசல்ட்டுக்குக்கூட அவர் அப்படி நின்றதில்லை. அவள் சன்னல் பக்கம் திரும்பி, "யாரும்மா இத்த ஆக்கினது?" என்றாள்.

முந்தானையில் கையைத் துடைத்தபடி ஒரு பெண்பிள்ளை வந்தாள். ஹரிபாபுவின் மனைவி, பெயர் கன்னிகா. எத்திராஜ் அவளைப் பார்ப்பது இதுதான் முதல் தடவை. இத்தனை வருஷமாக அவருக்குத் தெரிந்தது தட்டை நீட்டுகிற கை மட்டும்தான். ஏதாவது குறையோ என்று கன்னிகாவுக்குப் பயம். உப்பு சரியில்லையா என்று தெலுங்கில் கேட்டாள்.

"உப்பா? இத்தன வருஷமா எங்க ஊட்ல உன் பருப்பப் பத்திப் பேசாம ஒரு வேள சோறு எறங்கினதில்லமா" என்றாள் ரத்தினம்மா. "உன் மாரி கீரைய மசிக்கணுமாம். உன் மாரி நெய்ய காய்ச்சணுமாம். உன் ரசத்த துன்னுட்டு வந்த அன்னிக்கி என் ரசத்த தொடமாட்டாரு இந்த ஆளு. நான் திட்டாத நாளில்ல உன்ன. இப்பத் துன்னு பாத்தேன். அவரு சொன்னது நெசம்தான்."

கன்னிகா அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். "எவரு செப்பினாரு?" என்று கேட்டாள், யார் சொன்னது என்று. ரத்தினம்மா வாசற்படியைக் காட்டினாள். "எனக்கு யாரும் சொன்னதில்ல அக்கா" என்றாள் கன்னிகா, தெரிந்த தமிழில். "தட்டு காலியா வரும். அது மட்டும்தான் எனக்குத் தெரியும்." ஹரிபாபு எங்கேயோ வெளியே பார்த்துத் தலையைச் சொறிந்தார். கன்னிகாவின் கண் நிறைந்துவிட்டது, வாயோ சிரித்தது. ரத்தினம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்க ஊட்ல ஆக்கறது யாரு?" என்று கேட்டாள்.

"நான்தான்."

"நல்லா இருக்குமா?"

"எனக்கின்னா தெரியும்? அத்த அவரத்தான் கேக்கணும்."

இரண்டு பெண்பிள்ளைகளும் திரும்பி எத்திராஜைப் பார்த்தார்கள். வெளியே ஹாரன் அடித்தது. நகரியிலிருந்து சித்தூர் வரைக்கும் உள்ள அத்தனை ஓட்டலுக்கும் தீர்ப்புச் சொன்ன மனிதர் மேஜையைப் பார்த்தார், சன்னலைப் பார்த்தார், கடைசியில் பொண்டாட்டியைப் பார்த்துச் சொன்னார்.

"இங்கல்லாம் நான் பஸ்ஸ கொண்டாந்து நிறுத்தினேன், அதுக்குப் போட்டாங்க. இவ, நான் எதையும் கொண்டாந்து நிறுத்தாமலே போட்டா. ரெண்டு தறியையும் ஓட்டிகினு, சூடா போட்டா. அத்த நான் ஒரு நாளும் சொன்னதில்ல."

ரத்தினம்மா குனிந்து தட்டைப் பார்த்துக்கொண்டாள். பிறகு அதைக் கன்னிகாவிடம் நீட்டி, இன்னொரு கரண்டி பருப்பு போடச் சொன்னாள். வெளியே பரணி டிரைவர் சீட்டில் ஏறி ஹாரனை அடித்துக்கொண்டே இருந்தான். அடிக்கட்டும் என்று விட்டுவிட்டு, அவள் நிதானமாகச் சாப்பிட்டாள்.